வேனுக்குள்ள பாத்ரூம்: ரெண்டு தடவ கட்டினதுல கத்துக்கிட்டது

உள்ளயே தங்கி ஊர் சுத்துற எங்க கேம்பர் வேன்ல பாத்ரூம நாங்க ரெண்டு தடவ கட்டினோம். மொத தடவ கட்டினது பதினோரு மாசம் தாங்குச்சு, அப்புறம் தரைப் பலகை உப்பிப்போயி மொத்தத்தையும் பிரிச்சுப் போட வேண்டியதாயிடுச்சு. ரெண்டாவதா கட்டினது மூணு வருஷமா ஒரு சொட்டு வெளிய விடாம நிக்குது. வேன் கட்ட ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் என்கிட்ட மொதல்ல கேக்குறது "எத்தன அடிக்கு எத்தன அடி விட்டீங்க"ன்னுதான். அளவு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு இருக்கு: குளிக்கிறவங்க உடம்பு எப்படி அசையுதுன்னு பாக்கணும், விழுந்த தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும்.

வேன்ல போறது மூணு பேரு. நான், என் வீட்டுக்காரர், எங்கப்பா. வீட்டுக்காரர் 178 சென்டிமீட்டர் உயரம். அப்பாவுக்கு வலது முழங்கால் மடக்க முடியாது, வயசு எழுபதத் தொடப்போகுது, பாத்ரூம் வேணும்னு நான் பிடிவாதமா நின்னதே அவருக்காகத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் எடுத்துக்கிட்டு வெளிய எங்கயோ நடந்து போங்கன்னு அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது.

மொத தடவ நான் பண்ண தப்பு, பேப்பர்ல படம் வரைஞ்சு அளவு போட்டது. தரையில 70க்கு 90 சென்டிமீட்டர், பேப்பர்ல பாக்கும்போது தாராளமாத்தான் தெரிஞ்சுது. வேன் சுவரு வீட்டுச் சுவரு மாதிரி நேரா நிக்காது, மேல போகப் போக உள்பக்கமா வளையும். தரையில 70 இருந்தது தோள் உயரத்துல அளந்தா 61தான் வந்துச்சு, அதுவும் நம்ம உடம்புலயே அகலமான எடத்துல. தலைக்குத் தேய்க்கும்போது ரெண்டு முழங்கையும் வெளிய விரியும் இல்லயா, அத டேப் வச்சு அளந்து பாத்தேன், எனக்கே 82 சென்டிமீட்டர். அதுனால அளவ தரையில எடுக்காதீங்க, தோள் உயரத்துல எடுங்க, அப்புறம் நீளமான பக்கத்த பாத்து நின்னு தல தேய்க்கிற மாதிரி ஷவரோட திசைய வைங்க. எங்களுக்கு ஷவர் தலைய நீளமான சுவருக்கு மாத்தினதும் அதே எடம் பெருசான மாதிரி ஆயிடுச்சு, ஒரு இஞ்ச் கூட கூட்டல.

ரெண்டாவது தடவ பெரிய பெரிய அட்டப்பெட்டிங்கள பிரிச்சு, டேப் ஒட்டி, வேனுக்குள்ள அட்டையிலயே ஒரு பாத்ரூம் நிக்க வச்சோம். மூணு பேரும் துணியோட உள்ள போயி குளிக்கிற மாதிரி செஞ்சு பாத்தோம், குனிஞ்சு கால் தேய்க்கிறது, சோப்பு கீழ விழுந்தா எடுக்குறது, துண்டு எடுக்குறது, கால உயர்த்தி பேன்ட் போடுறது எல்லாம். அப்பா உள்ள போயி ஒரு நிமிஷம் நின்னுட்டு, "குனிய முடியாதும்மா, உக்காந்துதான் கால் கழுவணும், உக்கார எதாவது வை"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில மொத்த பிளானும் மாறுச்சு, உக்காந்து குளிக்கிறதுன்னு முடிவாச்சுன்னா நீளம் அவ்வளவு தேவையில்ல, கால் நீட்ட கொஞ்சம் எடம் போதும். உடம்பு சரியில்லாத நாள்ல நமக்கும் உக்காந்து குளிக்கிறதுதான் வசதி. அரை நாள் வேல, செலவே இல்ல, தயவுசெஞ்சு அட்டையில செஞ்சு பாக்காம ஒரு பலகையக்கூட அறுக்காதீங்க.

உயரமும் அப்படித்தான் ஏமாத்தும். எங்க வேன் உள்உயரம் 190 சென்டிமீட்டர். தரையில இன்சுலேஷன், பலகை சேத்து மூணரை, கூரையில இன்சுலேஷன், லைனிங் சேத்து மூணு போயிடும், மிச்சம் 183 சொச்சம். அதுக்கு மேல, குளிக்கிற தண்ணிய ஏந்துற ஷவர் டிரேய தூக்கி வச்சு அதுக்குக் கீழ பைப் ஓட்டினா இன்னொரு ஏழு எட்டு போயிடும், வீட்டுக்காரருக்கு தலை இடிக்கும். நாங்க என்ன பண்ணோம்னா டிரேய நேரா தரைமேலயே வச்சு, வடியிற ஓட்டைய வேனோட அடித்தகடு வழியா நேரா கீழ எறக்கி, அழுக்குத் தண்ணி டேங்க வெளிய அடிப்பக்கம் தொங்க விட்டோம். தகட்டுல ஓட்டை போட பயமாத்தான் இருக்கும், கீழ சேசிஸ் சட்டமோ டீசல் பைப்போ ஒயரோ இல்லன்னு ரெண்டு தடவ படுத்துப் பாத்துட்டு, போட்ட ஓட்டையோட ஓரத்த ராவி, துரு பிடிக்காத பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சுட்டா பிரச்சனை இல்ல. ரொம்பக் குளிர் எடத்துக்குப் போறவங்க மட்டும் யோசிக்கணும், வெளிய தொங்குற டேங்க்ல தண்ணி உறஞ்சா சுமார் 9 சதவீதம் பெருசாகும், டேங்கயே பிளந்துடும். அப்படிப்பட்ட எடத்துல வால்வ தெறந்து காலியா வச்சுக்கணும்.

இப்ப வாட்டம். மொத பாத்ரூம கொன்னது இதுதான், அதுனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வீட்டு பாத்ரூம்ல தரைய ஒரு மூலைக்கு வாட்டம் விட்டு அங்க ஓட்டை வைப்பாங்க. நானும் அப்படியே பண்ணேன், 70 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், பின்பக்க மூலையில ஓட்டை. ரசமட்டம் வச்சு பாத்து பாத்து பண்ணது. வீட்டு வாசல்ல நிறுத்தி தண்ணி ஊத்தினப்ப அவ்வளவு அழகா வடிஞ்சுது. மொத பயணத்துலயே ஒரு சரிவான எடத்துல நிறுத்தினோம், கண்ணுக்கு சரிவுன்னே தெரியல, ரெண்டு டிகிரி இருந்திருக்கும். ரெண்டு டிகிரின்னா 70 சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட ரெண்டரை சென்டிமீட்டர் எறக்கம். நான் விட்டிருந்த வாட்டம் ஒண்ணுதான். குளிச்ச தண்ணி மொத்தமும் ஓட்டைக்கு எதிர் மூலையில, கதவு பக்கத்துல போயி தேங்கி நின்னுச்சு. நாங்க துணி வச்சு ஒத்தி எடுத்துட்டு அத ஒரு பெரிய விஷயமாவே எடுத்துக்கல. அப்பாதான், "வீடு நின்ன எடத்துலயே நிக்கும், வண்டி எப்பவும் சமமாவா நிக்கும்?"னு அன்னைக்கே கேட்டாரு, நான் காதுல வாங்கல.

பதினோரு மாசம் கழிச்சு அந்தக் கதவு பக்க மூலையில நடந்தா கால் லேசா அமுங்குச்சு. டிரேய தூக்கினா கீழ பிளைவுட் கறுத்துப்போயி, ஏடு ஏடா பிரிஞ்சு, விரலால கிள்ளினா பிஞ்சு வருது, வாடைய சொல்லவே வேணாம். அதுக்கும் கீழ தகட்டுல உள்ளங்கை அளவுக்கு துரு.

ரெண்டாவது டிரேய ஃபைபர்ல நாங்களே அச்சு செஞ்சு போட்டோம். நடு கொஞ்சம் மேடு, நாலு ஓரத்துலயும் சுத்தி ஒரு விரல் ஆழத்துக்கு வாய்க்கால், எதிரெதிர் மூலையில ரெண்டு ஓட்டை. வண்டி எந்தப் பக்கம் சாஞ்சாலும் பெரும்பாலும் ஒரு ஓட்டைக்காவது தண்ணி போயிடுது. ஓட்டை இல்லாத மூலைப் பக்கம் சரியா சாஞ்சா மட்டும் கொஞ்சம் தேங்கும், அதுக்கு சக்கரத்துக்கு அடியில வைக்கிற சாய்வுக் கட்டை ரெண்டு வச்சிருக்கோம், டாஷ்போர்டுல வட்ட ரசமட்டம் ஒண்ணு ஒட்டியிருக்கு, நிறுத்தும்போதே பாத்துடுவோம். வாசப்படி மாதிரி டிரேயோட ஓரம் கதவுப் பக்கம் எட்டு சென்டிமீட்டர் உயரம், அதுக்குக் குறைக்காதீங்க.

தண்ணி ஏன் டிரேக்கு கீழ போச்சுங்கறது இன்னொரு கத. மொத தடவ டிரேய வச்சு, சுவத்து ஷீட்ட அதுக்குப் பக்கத்துல முட்ட விட்டு, இடுக்குல சிலிக்கான் இழுத்து விட்டிருந்தேன். வீட்டுல அது நிக்கும். வண்டி நாள் பூரா நடுங்குது, வெயில்ல ஷீட் நீளுது, ராத்திரி சுருங்குது, அந்த மெல்லிசான சிலிக்கான் ஒரு பக்கம் ஒட்டு விட்டு வெளிய பாத்தா ஒட்டியிருக்கிற மாதிரியே தெரியும். இப்ப ஓடு வேயற மாதிரி பண்ணிருக்கோம், சுவத்து ஷீட் டிரேயோட உயந்த ஓரத்துக்கு உள்பக்கமா எறங்கி வந்து அதுமேல படியுது, அதுனால சீலன்ட் விட்டுப்போனாக்கூட தண்ணி டிரேக்குள்ளதான் விழும். சீலன்டும் மாத்திட்டோம், வண்டி பாடி வேலைக்கு போடுற பாலியூரித்தேன் வகை, மூணு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நல்லா தடிமனா. மெல்லிசா இழுத்தா இழுவைக்கு நீண்டு கொடுக்க அதுகிட்ட எதுவும் இருக்காது, கிழிஞ்சுடும். சுவத்துக்கு டைல்ஸ் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேணாம்ங்க, வெயிட்டும் அதிகம், இடுக்குல பூசுற கிரௌட் நடுக்கத்துல விரியும். ஃபைபர் ஷீட்டோ பிவிசி ஷீட்டோ ஒரே துண்டா, மூலையில வெட்டாம வளைச்சுப் போட முடிஞ்சா இன்னும் நல்லது. எந்தப் பலகைய அறுத்தாலும் அறுத்த ஓரத்துக்கு எப்பாக்ஸி பிசின் தடவாம உள்ள வைக்காதீங்க, பிளைவுட் தண்ணி குடிக்கிறதே அந்த ஓரத்து வழியாத்தான்.

வேல முடிஞ்சதும் ஓட்டை ரெண்டையும் அடைச்சு, மூணு சென்டிமீட்டர் தண்ணி நிறுத்தி, மட்டத்துல ஒரு கோடு போட்டு ராத்திரி பூரா விட்டோம். சுத்தி வெளிப்பக்கம் டிஷ்யூ பேப்பர் வச்சோம், நனஞ்சா உடனே தெரியும். ஒரு வாரம் மோசமான ரோட்டுல ஓட்டிட்டு மறுபடி அதே சோதனை. ரெண்டாவது சோதனைதான் முக்கியம், எல்லாரும் மொதலோட நிறுத்திடுறாங்க.

டாய்லெட்டுக்கு வருவோம். தண்ணி ஊத்துற போர்ட்டபிள் டைப், வெளிய இருந்து டேங்க உருவி எடுக்கிற கேசட் டைப், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியா பிரிக்கிற உலர் டைப், இந்த மூணுலதான் எல்லாரும் வந்து நிப்பாங்க. கேசட்டோட டேங்க் பெரும்பாலும் 17லருந்து 20 லிட்டர், நிறைஞ்சா இருவது கிலோவ தூக்கிட்டு கொட்டுற எடம் வரைக்கும் நடக்கணும், மூணு பேருக்கு ரெண்டு நாள்ல நிறைஞ்சுடும். நாங்க உலர் டைப்புக்குப் போனோம். நாத்தம் அடிக்கும்னு பயந்துக்கிட்டேதான் போனோம், ஆனா சிறுநீரும் மலமும் ஒண்ணா சேரும்போதுதான் அம்மோனியா கெளம்பி அந்த மூக்கத் துளைக்கிற வாடை வருது, பிரிச்சு வச்சு மலத்து மேல தேங்காநார்த் தூள் போட்டா காய்ஞ்ச மண்ணு வாசன மாதிரிதான் இருக்கு. சிறுநீர் கேன தெனமும் காலி பண்ணணும், இன்னொண்ண நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ. ஆம்பளைங்களும் உக்காந்துதான் போகணும், அத மொத நாளே வீட்டுல பேசி முடிவு பண்ணிடுங்க.

உலர் டாய்லெட்ட ஷவருக்குள்ளயே வைக்கிறதுல ஒரு கஷ்டம் இருக்கு, இத யாரும் எனக்கு சொல்லல. குளிக்கிற தண்ணி மூடி இடுக்குல உள்ள எறங்கிட்டா உலர்ந்து இருக்க வேண்டியது ஈரமாகி, அன்னைக்கு ராத்திரி வேனுக்குள்ள படுக்க முடியாது. அதுனால டாய்லெட்ட பக்கத்து பெஞ்சுக்கு அடியில தள்ளி வைக்கிற மாதிரி டிராயர் பண்ணோம், வேணும்னா ஷவர் எடத்துக்குள்ள இழுத்துக்கலாம், குளிக்கும்போது உள்ள தள்ளி ரப்பர் வச்ச கதவ மூடிடலாம், அந்த எடத்துல அப்பாவுக்கு மடக்கு ஸ்டூல் போட்டுடலாம். மொதல்ல வெறும் டிராயர் ரெயில்லதான் தொங்க விட்டோம், முழுசா வெளிய இழுத்து ஆள் உக்காந்ததும் ரெயில் மெதுவா கீழ வளஞ்சுது. இப்ப அடியில நாலு நைலான் சக்கரம் டிரேமேலயே ஓடுது, வெயிட் முழுக்க தரைக்குப் போகுது, ரெயில் வழிகாட்ட மட்டும்தான். கூடவே ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டிருக்கோம். ஒரு தடவ தாழ்ப்பாள் போடாம பிரேக் அடிச்சப்ப டிராயர் மொத்தமா முன்னாடி வந்து மோதுச்சு, கேன் அப்பத்தான் காலி பண்ணிருந்தோம், இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே இன்னைக்கும் கை நடுங்குது.

தண்ணிக் கணக்கு ஒரு வாளிய வச்சு போட்டோம். பழைய ஷவர் தலை நிமிஷத்துக்கு 9 லிட்டர் கொட்டுச்சு, மாத்தினது நாலரை லிட்டர். உடம்ப நனைச்சு, நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி தொறந்து அலசுனா ஓடுற நேரம் மொத்தம் ஒன்றரை நிமிஷம், ஏழு லிட்டருக்குள்ள முடிஞ்சுது. நிறுத்துற பட்டன் ஷவர் கைப்பிடியிலயே இருக்கணும், குழாயத் திருகி நிறுத்துனா ஒவ்வொரு தடவையும் சூடு சரி பண்ணவே ஒரு லிட்டர் போயிடும். எங்க டேங்க் 90 லிட்டர், அதாவது 90 கிலோ, அத பின்சக்கர அச்சுக்கு முன்னாடி வச்சிருக்கோம், அச்சுக்குப் பின்னால வச்சா முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் ஒரு மாதிரி மெதக்கும். குறைவா தண்ணி விடுற ஷவர் போட்டா இன்னொண்ணு வரும், 12 வோல்ட் பம்ப் தன் வேகத்துக்கு தண்ணி போகாததுனால டக் டக்னு நின்னு நின்னு ஓடும், சூடும் அதுக்கேத்த மாதிரி ஏறி எறங்கும். பம்புக்கு அடுத்தாப்புல சின்னதா ஒரு அக்யூமுலேட்டர் டேங்க், அதாவது தண்ணி அழுத்தத்த சேத்து வச்சு சீரா விடுற டேங்க் போட்டதும் ரெண்டும் அடங்கிடுச்சு.

சுடுதண்ணி வேணும்னா கணக்கு இது: 10 லிட்டர 20லருந்து 60 டிகிரிக்கு ஏத்த அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி கரண்ட் ஆகும், 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரியில கிட்டத்தட்ட 40 சதவீதம் அதுக்கே போயிடும். நாங்க இன்ஜின குளிர வைக்கிற கூலன்ட் தண்ணியோட சூட்டுல ஏறுற 10 லிட்டர் பாய்லர் போட்டோம், ஒரு மணி நேரம் ஓட்டினாலே சூடாயிடும், 60 டிகிரி தண்ணியோட பச்சத்தண்ணி சேத்தா 40 டிகிரியில 20 லிட்டர் கெடைக்கும், மூணு பேருக்கு சரியா இருக்கு. கூலன்ட் 80, 90 டிகிரி வரைக்கும் போகும்ங்கறதால தானா கலக்குற தெர்மோஸ்டாட் மிக்சர் வால்வு கட்டாயம், அது இல்லாம வயசானவங்கள உள்ள அனுப்பவே கூடாது. கேஸ் கீசர வேனுக்குள்ள மாட்டலாமான்னு கேக்குறாங்க. காத்த வெளியருந்து எடுத்து புகைய வெளியவே விடுற, அடைச்ச வகைய தவிர வேற எதையும் மாட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, இவ்வளவு சின்ன எடத்துல சீக்கிரம் சேந்துடும். எந்த வகை வச்சிருந்தாலும் அதுக்கான அலாரம் ஒண்ணு படுக்கைக்குப் பக்கத்துல இருக்கட்டும்.

கதவு விஷயத்துல மூணு தடவ மனசு மாறுச்சு. கீல் வச்ச கதவு நடைபாதையில தொறந்து மொத்த வேனையும் அடைச்சுது. திரைச்சீலை போட்டா குளிக்க ஆரம்பிச்ச உடனே சில்லுனு வந்து உடம்புல ஒட்டுது. அது ஏன்னு அமெரிக்காவுல டேவிட் ஷ்மிட்ங்கிற பேராசிரியர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாத்தாரு, விழுற தண்ணி உள்ள காத்த சுழல விடுது, சுழலோட நடுவுல அழுத்தம் குறைஞ்சு திரைய உள்ள இழுக்குதுன்னு சொல்லி 2001ல இக் நோபல்ங்கிற, மொதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்குற பரிசும் வாங்கினாரு. அடியில காந்தம் தைச்சுப் பாத்தோம், ஃபைபர் டிரேயில காந்தம் எங்க ஒட்டும், டிரே ஓரத்துல இரும்புப் பட்டி ஒட்டினா அது துருப்பிடிக்குது. கடைசியா சட்டம் சட்டமா மடங்கி சுவத்து ஓரமா சுருண்டு போற ஷட்டர் கதவு போட்டோம், வில கொஞ்சம் அதிகம், ஆனா எடமே எடுக்கல. கதவுக்கு அடியில படிக்கு மேல ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கோம், காத்து உள்ள வர வழி இல்லன்னா கூரையில எவ்வளவு பெரிய ஃபேன் வச்சாலும் ஆவி வெளிய போகாது. குளிச்சு முடிச்சதும் சுவத்த ரப்பர் வைப்பர்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு ஃபேன இருவது நிமிஷம் ஓட விடுறோம். இத விட்டா அந்த ஈரம் எங்க போகும், ராத்திரி குளுந்த தகட்டுல போயி வேர்த்து, இன்சுலேஷனுக்குப் பின்னால நமக்குத் தெரியாமலே துருவாகும், பூசணமாகும்.

வடியிற பைப்புல வீட்டுல வைக்கிற, தண்ணி தேங்கி நின்னு வாடைய தடுக்குற யூ வளைவு வேணாம். வண்டி ஓடும்போது அந்தத் தண்ணி அலம்பி வெளிய போயிடும், அப்புறம் அழுக்குத் தண்ணி டேங்க் வாடை நேரா உள்ள வரும். ரப்பர் சவ்வு தானா மூடிக்கிற ஹெப்வோ மாதிரி வால்வு போடுங்க. அந்த டேங்குக்கு மேல ஒரு காத்துக் குழாயும் விடுங்க, இல்லன்னா தண்ணி எறங்காம கொடகொடன்னு குமிழி விட்டுக்கிட்டே நிக்கும்.

கைப்பிடிய கடைசிக்கு விட்டுடாதீங்க. அப்பாவுக்கு எழுந்திரிக்க பிடிமானம் வேணும்னு சுவரெல்லாம் ஒட்டி முடிச்சப்புறம்தான் மொத தடவ ஞாபகம் வந்துச்சு, வெறும் ஷீட்டுல ஸ்க்ரூ போட்டா பிடுங்கிட்டு வந்துடும். ரெண்டாவது தடவ அட்டை பாத்ரூம்ல அவர ஸ்டூல்ல உக்கார வச்சு, "எழுந்திரிங்கப்பா, கை தானா எங்க போகுதோ அங்க வைங்க"ன்னு சொல்லி அந்த எடத்துல பேனாவால குறிச்சேன், நான் நெனச்சிருந்த எடத்துக்கு ஒரு சாண் கீழ இருந்துச்சு. ஷீட்டுக்குப் பின்னால அங்க 18 மில்லிமீட்டர் பலகை ஒண்ணு சட்டத்தோட சேத்து முடுக்கி, அதுக்கப்புறம்தான் சுவத்த மூடினோம். மூடுறதுக்கு முன்னாடி டேப்ப விரிச்சுப் பிடிச்சு, எந்த உயரத்துல பலகை, எங்க பைப், எங்க ஒயர்னு நாலு சுவத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். போன மாசம் துண்டு மாட்ட இன்னொரு கொக்கி அடிக்கணும்னப்ப அந்த போட்டோவப் பாத்துத்தான் ஓட்டை போட்டேன், சுடுதண்ணி பைப் அந்த எடத்துலருந்து நாலு விரல் தள்ளி ஓடிக்கிட்டிருந்துச்சு.